தர்பூசணிக்காரனும் ஜாஸ் மடாதிபதிகளும்

ஹெர்பி ஹான்காக்கோட முதல் ஆல்பம் 'டேக்கின் ஆஃப்' பத்தி எப்பப் பேச்சு எடுத்தாலும் ஒரு பதில் ரெடியா வந்து நிக்கும். "அது சும்மா ஆரம்பகட்ட சமாச்சாரம் தலைவா. 'வாட்டர்மெலன் மேன்'னு ஒரு ஹிட்டு இருக்கு, மத்தபடி பெருசா ஒண்ணும் கிடையாது. நீ நேரா 'மெய்டன் வாயேஜ்'ல இருந்து கேளு." இதை ஒருத்தர் சொன்னா ரசனைன்னு விட்டுடலாம். ஜாஸ் கேக்குறதா சொல்லிக்கிற பத்து பேர்ல எட்டு பேர் இதே வரியை மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. இன்னும் ரெண்டு படி மேல ஏறினா, "ஹான்காக் ஆரம்பத்துலயே விலை போயிட்டாரு, 1973-ல 'ஹெட் ஹண்டர்ஸ்' போட்டதும் 1983-ல 'ராக்கிட்' போட்டதும் அதோட தொடர்ச்சிதான்"னு ஒரு தீர்ப்பு வேற.

இந்த மடாதிபதிகளோட எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு. இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, தீர்த்துடலாம்.

முதல்ல ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1940-ல சிகாகோவுல பிறந்தவர். ஏழு வயசுல பியானோ. பதினோரு வயசுல, 1952-ல, சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோட உக்காந்து மோட்ஸார்ட் கன்செர்ட்டோவோட ஒரு பகுதியை வாசிச்ச பையன். ஜாஸ் அப்புறம்தான் வந்துச்சு. ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒரு பையன் பேப்பரைப் பாக்காம, மனசுல இருந்தே வாசிக்கிறதைப் பாத்து அசந்து போயி, ரெக்கார்டுகளைப் போட்டுப் போட்டு, சுரம் சுரமா எழுதி எடுத்துக் கத்துக்கிட்டாரு. இப்ப நம்ம பாஷையில சொன்னா ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

சும்மா சொல்லலைங்க. மனுஷன் நிஜமாவே இன்ஜினியரிங் படிக்கத்தான் போனாரு! 1956-ல ஐயோவா மாநிலத்துல சோளக்காட்டுக்கு நடுவுல இருக்கிற கிரின்னல் காலேஜ்ல எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தாரு. அங்க போயும் ஒரு பெரிய ஜாஸ் குழுவைத் திரட்டிக் கச்சேரி பண்ணி, படிப்பைக் கோட்டை விடுற நிலைமைக்கு வந்து, கடைசியில இசைக்கே மாறிட்டாரு. நம்மள்ல பாதிப் பேருக்கு அந்த நாலு வருஷத்துல இந்த நினைப்பு வந்திருக்கும். மாறினவன் எத்தனை பேருங்கிற கேள்வி இப்ப வேணாம், விடுங்க :-)

படிப்பு முடிச்சு சிகாகோ திரும்பினவருக்குப் பகல்ல தபால் பட்டுவாடா, ராத்திரி கிளப்ல வாசிப்பு. 1960 குளிர்காலத்துல ஒரு பனிப்புயல். டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் தன்னோட குழுவோட ஊருக்கு வந்திருக்காரு, பியானோக்காரர் புயல்ல எங்கயோ மாட்டிக்கிட்டாரு. பதிலுக்கு இந்தப் பையனைக் கூட்டிட்டுப் போனாங்க. வாசிப்பு பிடிச்சுப் போச்சு. 1961 ஆரம்பத்துல ஹான்காக் நியூயார்க்ல இருந்தாரு, பேர்ட் வீட்டுலயே தங்கிக்கிட்டு. வேற ஆளுங்க கதையில அதிர்ஷ்டம்னு ஒண்ணு வருமே, அது இங்க பனியா வந்துச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது அந்த அதிர்ஷ்டத்தைப் பத்தி இல்ல. அதுக்கு அடுத்து நடந்த ரெண்டு தில்லாலங்கடி வேலையைப் பத்தி.

1962. பேர்ட் சொல்றாரு, "உனக்குன்னு ஒரு ஆல்பம் போடுற நேரம் வந்தாச்சு." பையனுக்கு பயம், தயாராயிட்டேனான்னு சந்தேகம். பேர்ட் ஒரு திட்டம் சொல்லிக் குடுத்தாரு. புளூ நோட் கம்பெனிக்குப் போ. என்னை ராணுவத்துக்கு எடுக்கப் போறாங்க, அதுக்குள்ள ஒரு ஆல்பம் போட்டுட்டுப் போகணும்னு சொல்லு. புதுப் பையனுக்கு உடனே தேதி குடுக்க மாட்டாங்க, இதைச் சொன்னா குடுப்பாங்க. ஆமா, பச்சைப் பொய்! ஹான்காக்கே 2014-ல வந்த தன்னோட சுயசரிதை 'பாஸிபிலிட்டீஸ்'ல இதை எழுதியிருக்காரு.

ரெண்டாவது அறிவுரைதான் விஷயமே. "ஆல்பத்துல பாதி உனக்கு, பாதி அவங்களுக்கு. அவங்க பாதியில ஜனங்களுக்குத் தெரிஞ்ச பழைய பாட்டும் புளூஸும் போடு. அப்புறம், உன் சொந்த மெட்டையெல்லாம் எங்க பதிப்புக் கம்பெனியில போட்டுடலாம்னு கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லிடு. ஏற்கெனவே என் சொந்தப் பதிப்புக் கம்பெனியில போட்டாச்சுன்னு சொல்லு."

பையன் தன்னோட மெட்டு மூணை வாசிச்சுக் காட்டினாரு. புளூ நோட் முதலாளி ஆல்ஃபிரெட் லயனுக்குப் பிடிச்சுப் போயி, இன்னும் மூணு எழுது, ஆல்பம் முழுக்க உன் மெட்டாவே போடலாம்னுட்டாரு. முதல் ஆல்பம் போடுற இருபத்திரண்டு வயசுப் பையனுக்குச் சும்மா கிடைக்கிற மரியாதையா இது? அதுக்கப்புறம் எதிர்பார்த்த அந்தக் கேள்வி வந்துச்சு. பேர்ட் சொல்லிக் குடுத்த பதிலையே ஹான்காக் சொன்னாரு. அப்படின்னா ஆல்பம் இல்லைன்னாரு லயன். ஹான்காக் எந்திரிச்சு வாசல் பக்கம் நடக்க ஆரம்பிச்சாரு. கதவுகிட்ட போகும்போது லயன் கூப்பிட்டாரு. சரி, வெச்சுக்கோ.

இந்த இடத்துல கொஞ்சம் நிப்போம். ஏன்னா நம்ம மடாதிபதிகள் யாரும் இங்க நிக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு இது ஆபீஸ் விவகாரம், கலை கிடையாது.

பதிப்புரிமைன்னா என்ன? ஒரு ரெக்கார்டுல ரெண்டு சொத்து இருக்கு. வாசிச்சுப் பதிவு பண்ணின ஒலி ஒண்ணு, அந்த மெட்டு இன்னொண்ணு. அமெரிக்காவுல 1909-ல வந்த சட்டப்படி, ஒரு மெட்டை ஒருத்தர் ஒருதடவை ரெக்கார்டு போட்டுட்டா, அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் அதை வாசிச்சு ரெக்கார்டு போடலாம், அனுமதி கேக்க வேண்டியதில்லை. பிரதி ஒண்ணுக்கு ரெண்டு சென்ட் கட்டினாப் போதும். அந்த ரெண்டு சென்ட் 1978 வரைக்கும் மாறவே இல்லை. வழக்கத்துல அதுல ஒரு சென்ட் மெட்டு எழுதினவருக்கு, ஒரு சென்ட் பதிப்பாளருக்கு. முழு ரேட்டும் கட்டி ஒரு பாட்டு பத்து லட்சம் பிரதி வித்தா 20,000 டாலர். பதிப்புக் கம்பெனி உங்களோடதா இருந்தா மொத்தமும் உங்களுக்கு. ரெக்கார்டு கம்பெனியோடதா இருந்தா பாதி அவங்களுக்கு. ஒரு தடவை இல்ல, அந்த மெட்டை யார் யாரெல்லாம், எந்தக் காலத்துல வாசிச்சாலும். கம்பெனியை வேற ஒருத்தர் வாங்கினா அந்தக் கணக்குப் புத்தகமும் சேர்ந்து கைமாறும். சொல்லி வெச்சாப்பல புளூ நோட்டை 1965-ல லிபர்ட்டி வாங்கிடுச்சு.

லயனை வில்லனா காட்டுறது என் நோக்கம் இல்ல. பெர்லின்ல இருந்து வந்த மனுஷன், 1939-ல கம்பெனி ஆரம்பிச்சவர், ஒத்திகைக்கும் காசு குடுத்தவர். அந்தக் காலத்துல ஒத்திகைக்குக் காசுன்னா மத்த கம்பெனிக்காரன் சிரிப்பான். அவ்வளவு நல்லவரே மெட்டுல பங்கு கேட்டாருங்கிறதுதான் பாயிண்ட். அதான் தொழிலோட நடைமுறை. தீயவன் தேவையில்லை, வழக்கம் ஒண்ணு இருந்தாப் போதும்.

அந்த வழக்கம் என்ன பண்ணுச்சுன்னு பாக்கணும்னா தெலோனியஸ் மங்க்கைப் பாருங்க. 'ரவுண்ட் மிட்நைட்' அவரோட மெட்டு. ஜாஸ் இசைக்கலைஞர்கள் எழுதினதுல இந்த அளவுக்கு ரெக்கார்டு ஆன மெட்டு ரொம்பக் கம்மி. 1944-ல குழுத்தலைவர் கூட்டி வில்லியம்ஸ் அதை ரெக்கார்டு பண்ணினாரு, மெட்டு எழுதினவங்க வரிசையில அவர் பேரும் ஏறிடுச்சு. பிறகு வார்த்தை எழுதின ஒருத்தர் பேரும் ஏறுச்சு. மங்க்குக்கு மூணுல ஒரு பங்கு. வார்த்தையே இல்லாம வெறும் பியானோவுல வாசிச்சாலும் அதே மூணுல ஒண்ணுதான்! டியூக் எலிங்டனோட எத்தனையோ பாட்டுல மேனேஜர் இர்விங் மில்ஸ் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கும். இதெல்லாம் ரகசியம் இல்ல, ரெக்கார்டு லேபிள்லயே அச்சாகியிருக்கு.

என் கதையையும் ஒரு வரி சொல்லிடறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஒரு கத்தைத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. இங்க இருக்கிற வரைக்கும் நான் எழுதுற ஒவ்வொரு வரி கோடும் கம்பெனிக்குச் சொந்தம். வீட்டுல ராத்திரி எழுதினாலும் வேலை சம்பந்தப்பட்டதா இருந்தா அவங்களுக்குத்தான். எனக்கும் அப்ப இருபத்திரண்டு வயசு. படிக்காமலே போட்டேன், என்கூடச் சேர்ந்த அறுபது பேரும் படிக்காமலே போட்டாங்க. மாசாமாசம் சம்பளம் வருது, புகார் ஒண்ணும் இல்ல. ஆனா அதே வயசுல ஒருத்தன் எதிர்ல முதலாளியை வெச்சுக்கிட்டு "இது என்னோடது"ன்னு சொல்லிட்டு வாசலைப் பாத்து நடந்தான்னு படிக்கும்போது, அதை "வியாபார புத்தி"ன்னு ஒதுக்கித் தள்ள என்னால முடியல.

சரி, இசைக்கு வருவோம். 1962 மே 28, நியூ ஜெர்சி, எங்கிள்வுட் கிளிஃப்ஸ், ரூடி வான் கெல்டரோட ஸ்டூடியோ. அஞ்சு பேர். டிரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், வயசு 24. பாஸ் புச் வாரன். டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். டெனர் சாக்ஸபோன்ல டெக்ஸ்டர் கார்டன், வயசு 39, இந்தப் பசங்களுக்கு முன்னாடி பெரியப்பா மாதிரி. ஐம்பதுகள்ல போதைக் கேசுல ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்து, புளூ நோட்டுல மறுபடி எந்திரிச்சுக்கிட்டிருந்த நேரம். அந்த வருஷமே ஐரோப்பா கிளம்பிப் போயிட்டாரு, பதினாலு வருஷம் அங்கதான். அந்தச் சின்ன இடைவெளியில இந்த ஆல்பத்துல மாட்டினாரு.

முதல் பாட்டு 'வாட்டர்மெலன் மேன்'. ஹான்காக் சின்னப் பையனா இருக்கும்போது சிகாகோ சந்துகள்ல தர்பூசணி வண்டிக்காரன் வருவான். குதிரை வண்டி. கல்லு பதிச்ச சந்துல சக்கரம் கடகடன்னு உருளும். வீட்டுப் பின்பக்கத்துல இருந்து பொம்பளைங்க அவனைக் கூப்பிடுவாங்க. அந்தச் சக்கரச் சத்தம்தான் பியானோவோட தாளம், அந்தக் கூப்பாடுதான் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கிற மெட்டு. விக்கணும்னு நினைச்சேதான் எழுதினாரு, அதையும் மறைக்கல. ஆனா விக்கணும்னு நினைச்சவர் எதை எடுத்தாருன்னு பாருங்க. தன்னோட சந்தை. தர்பூசணின்னாலே கறுப்பர்களைக் கேலி பண்ற பழைய வெள்ளைக்காரக் கார்ட்டூன்கள் ஞாபகம் வரும், இந்தப் பேர் வைக்கலாமான்னு அவருக்கே தயக்கம் இருந்துச்சு. வெச்சாரு. அவர் பார்த்த வண்டிக்காரன் கேலிப் படம் இல்ல, தெருவுல வந்த மனுஷன்.

வடிவத்தையும் கொஞ்சம் கவனிங்க. சாதாரண புளூஸுக்குப் பன்னிரண்டு அளவு. இது பதினாறு. புளூஸோட கடைசி வரி வந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்துல, திரும்பாம ரெண்டு கார்டுகளுக்கு நடுவுல மூணு தடவை ஊஞ்சலாட்டி, கேக்குறவனைக் காக்க வெச்சு, அப்புறம்தான் இறக்கி விடுறாரு. அந்தக் காக்க வைக்கிறதுலதான் கால் தானா ஆட ஆரம்பிக்கும். எளிமையா இருக்குன்னு சொல்றவங்க ஒரு தடவை இதே மாதிரி ஒண்ணு எழுதிக் காட்டட்டும்.

மத்தபடி ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்களே, அந்த மத்த அஞ்சு பாட்டு? 'எம்ப்டி பாக்கெட்ஸ்' புளூஸ். ஹப்பர்ட் பாய்ஞ்சு போறதும், கார்டன் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலயே சாவகாசமா நடந்து வர்றதும் பக்கத்துல பக்கத்துல கேக்கலாம். அவசரப்படாம வாசிக்கிறதுன்னா என்னன்னு அந்த மனுஷன்கிட்ட கத்துக்கணும். 'தி மேஸ்' பேருக்கேத்த மாதிரி சுத்தி விடுற மெட்டு, ஹான்காக் பின்னாடி எங்க போகப் போறாருங்கிறதுக்கான தடம் அதுல இருக்கு. 'டிரிஃப்டின்' எனக்கு ரொம்பப் பிடிச்சது, பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்ச மாதிரி ஒரு பாட்டு. கடைசியா 'அலோன் அண்ட் ஐ'. மெதுவான பாட்டு. சத்தமே இல்லாம கார்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற விதம், ஹை-லோஸ் பாட்டுக்குழுவோட ஹார்மனிகளைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டதுன்னு அவரே சொல்ற சமாச்சாரம், எல்லாம் அங்க கேக்கும். 'திரீ பேக்ஸ் ஃபுல்' மட்டும்தான் எனக்கு அவ்வளவா ஒட்டல.

இந்த அஞ்சு பேர்ல நாலு பேர் மறுபடி ஒரு இடத்துல சேர்ந்தாங்க தெரியுமா? 1986-ல வந்த பெர்ட்ராண்ட் தாவெர்னியேவோட 'ரவுண்ட் மிட்நைட்' படம். டெக்ஸ்டர் கார்டன்தான் ஹீரோ, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனாரு. ஹப்பர்டும் ஹிக்கின்ஸும் வர்றாங்க. இசை ஹான்காக், ஆஸ்கரே வாங்கினாரு. படத்தோட பேரே மங்க்குக்கு மூணுல ஒரு பங்கு மட்டும் கிடைச்ச அந்த மெட்டோட பேரு. மங்க் 1982-லயே போயாச்சு.

இப்ப "விலை போயிட்டாரு" குற்றச்சாட்டு. தேதி போட்டுப் பாத்தா இது நிக்கவே நிக்காது.

ஆல்பம் வந்த கொஞ்ச நாள்ல, பிராங்க்ஸ்ல ஒரு கிளப்புல கியூபா கொங்கா கலைஞர் மோங்கோ சாண்டமரியாவோட குழுவுல சிக் கொரியாவுக்குப் பதிலா ஹான்காக் வாசிக்கப் போனாரு. கூட்டமே இல்லாத ராத்திரி. அங்க வந்த டொனால்ட் பேர்ட் (மறுபடி அவரேதான்) அந்தத் தர்பூசணி மெட்டை மோங்கோவுக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. ஹான்காக் ஆரம்பிச்சாரு, மோங்கோ கொங்காவோட சேர்ந்தாரு, குழுவுல ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க, உக்காந்திருந்த ஜனம் எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுது. மோங்கோ ரெக்கார்டு போட்டாரு. 1963-ல பில்போர்ட் ஹாட் 100 பட்டியல்ல பத்தாவது இடம். ரெண்டு சென்ட் ரெண்டு சென்ட்டா கொட்டுச்சு. எதிர்ல உக்காந்து முடியாதுன்னு சொன்ன அந்த நிமிஷத்துக்குக் கூலி.

சரி, அந்த நேரத்துல விலை போன ஹான்காக் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? 1963 மார்ச் 10, இல்லினாய் பல்கலைக்கழகத்துல எரிக் டால்ஃபியோட மேடையில உக்காந்திருந்தாரு. டால்ஃபின்னா யாரு? அன்னைக்கு ஜாஸோட எல்லைக்கோட்டுல நின்னு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டிருந்த ஆளு. பாதிக் கூட்டம் எந்திரிச்சுப் போனாலும் கவலைப்படாத இசை. 'தி இல்லினாய் கான்செர்ட்'ங்கிற பேர்ல ரெக்கார்டே கிடைக்குது, போய்க் கேளுங்க. ரெண்டு மாசம் கழிச்சு, மே 1963-ல மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டாரு. அங்க 1968 வரைக்கும். அந்தக் குவின்டெட் என்ன பண்ணுச்சுன்னு மடாதிபதிகளுக்கு நான் சொல்லணும்னு அவசியம் இல்ல, அவங்க பூஜை ரூம்ல மாட்டியிருக்கிற படமே அதுதான்.

அப்புறம் 'மெய்டன் வாயேஜ்', 1965. கலப்படமில்லாத கலை, கடல், அலை, தியானம்னு எல்லாம் உருகுவாங்களே... அந்தத் தலைப்பு மெட்டு எதுக்காக எழுதினதுன்னு தெரியுமா மக்களே? ஆம்பிளைங்க போட்டுக்கிற சென்ட் பாட்டிலுக்கான டிவி விளம்பரத்துக்கு! ஒரிஜினல் டேப்புல பாட்டோட பேரே 'டிவி ஜிங்கிள்'னுதான் எழுதியிருந்துச்சு. கடலும் கப்பலும் பேர் வெச்சதுக்கு அப்புறம் வந்துச்சு. விளம்பர மெட்டு உசத்தி, சந்துல தர்பூசணி வித்தவனைப் பத்தின மெட்டு மட்டமா? இல்ல, ரெண்டுல ஒண்ணுக்கு மட்டும் ஜனங்க எந்திரிச்சு ஆடினாங்கங்கிறதுதான் பிரச்சனையா? எனக்கு அப்படித்தான் படுது. கால் ஆடினா கலை செத்துடும்னு ஒரு நம்பிக்கை.

இன்னும் ஒண்ணு இருக்கு, என் கேஸோட முதுகெலும்பே இதுதான். 1969-ல இருந்து 1973 வரைக்கும் ஹான்காக் ஒரு குழு நடத்தினாரு, 'முவான்டிஷி' குழுன்னு சொல்லுவாங்க. சின்தசைசர், எலக்ட்ரிக் பியானோ, ஒரு பாட்டு அரைமணி நேரம், மெட்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே பிடிபடாது. 'முவான்டிஷி', 'கிராஸிங்ஸ்', 'செக்ஸ்டன்ட்'னு மூணு ஆல்பம். அவர் வாழ்க்கையிலயே துணிச்சலான இசை. மடாதிபதிகளும் அதைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க. சரியாவே விக்கல. ஆறேழு பேர், வண்டி, கருவிகள், ஹோட்டல்னு செலவு எகிறுது, டிக்கெட் காசு பத்தல. துண்டு விழுந்ததை எது நிரப்புச்சு? மெட்டுகளோட ராயல்டி. அதுல முக்கியமான பங்கு அந்த வாட்டர்மெலன் மேன். மட்டம்னு தள்ளின பாட்டு சம்பாதிச்சுக் குடுத்துத்தான் உசத்தின்னு கும்பிடுற இசை சாப்பிட்டுச்சு. லயன் கேட்டதுக்கு 1962-ல தலையாட்டியிருந்தா, அந்தக் குழு அத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

கலைஞன் ஏழையா இருந்தாத்தான் நமக்கு நிம்மதி. அவன் பசியில இருக்கான், ஆனா விட்டுக் குடுக்கலைன்னு காப்பி குடிச்சுக்கிட்டே சொல்றதுல ஒரு சுகம். அவன் கணக்கு வழக்கு பாத்தா முகம் சுளிக்கிறோம். மங்க்கோட மூணுல ஒரு பங்கைப் படிச்சு "ஐயோ பாவம்"ங்கிறவரே, ஹான்காக் அந்தக் குழியில விழாம தாண்டினதைப் படிச்சதும் "வியாபாரி"ங்கிறாரு. ரெண்டுல எதையாவது ஒண்ணைச் சொல்லுங்கய்யா.

எதிர்த்தரப்புல நியாயமான ஒரு வாதம் இருக்கு. அதை நானே எடுத்து வைக்கிறேன், ஏன்னா அவங்க இதை வைக்கிறதே இல்ல. பேஸ் கித்தார் ஃபங்க்கா இருக்குன்னு மட்டும்தான் அவங்க அழுகை.

1973-ல 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்துல வாட்டர்மெலன் மேனை ஹான்காக் திரும்ப எடுத்தாரு. குதிரை வண்டி போயிடுச்சு. ஆரம்பத்துல ஊஊ-ஊன்னு ஒரு விசில், குரல், மறுபடி விசில். தாள வாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலை ஊதுறாரு. அந்த முறை மத்திய ஆப்பிரிக்கக் காடுகள்ல வாழுற பா-பென்செலே மக்களோடது. ஒரே ஒரு சுரம் ஊதுற சின்னக் குழல், அதுக்கு நடுவுல நடுவுல குரல், ஹிண்டேஹூன்னு பேரு. இசை ஆய்வாளர் சிம்ஹா அரோம் ஒலிப்பதிவு பண்ணி 1966-ல வந்த ஒரு ரெக்கார்டு மூலமாத்தான் அது வெளிய தெரிஞ்சுது. 'ஹெட் ஹண்டர்ஸ்' பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. வாத்தியங்கள் பட்டியல்ல அந்தக் குழலோட பேர் இருக்கு. மெட்டு எழுதினவர்ங்கிற இடத்துல ஹான்காக் பேர் மட்டும்தான். 1994-ல மடோனா 'சாங்க்சுவரி'ங்கிற பாட்டுல அந்த 1973 ரெக்கார்டுல இருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டாங்க, முறைப்படி ஹான்காக் பேரையும் சேர்த்தாங்க. காட்டுல இருந்து பாட்டிலுக்கு, பாட்டில்ல இருந்து மடோனாவுக்கு. பதிவான பேருக்குக் காசு, பதிவாகாத மக்களுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்டீவன் ஃபெல்டுங்கிற மானுடவியலாளர் 1996-ல இதைப் பத்தி விரிவாவே எழுதினாரு.

இதுல நான் ஹான்காக்குக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். மெட்டோட சொந்தக்காரன் யாருன்னு வேற யாரையும் விட நல்லாத் தெரிஞ்ச மனுஷன். அந்த ஒத்தைக் கேள்விக்காக ஆல்பமே வேணாம்னு எந்திரிச்சு நடந்தவர். அவர்கிட்ட அந்தக் குழல்காரனும் வந்து இதே கேள்வியைக் கேக்கலாம், அதுக்கு அவர்கிட்ட நல்ல பதில் கிடையாது. சட்டம் எழுதி வெச்ச மெட்டைத்தான் சொத்துன்னு பாக்கும், காட்டுல தலைமுறை தலைமுறையா ஊதுறதுக்கு அதுல பேர் போட இடமே இல்ல. சட்டம் இல்லாட்டியும் ஆல்பத்துலயே அந்த மக்கள் பேரைப் போட்டு, வர்ற காசுல ஒரு பங்கை அனுப்பியிருக்கலாம். பண்ணியிருக்கணும்.

அவரைத் திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க, நானும் கூட வர்றேன். பாட்டு வித்ததுக்கும், ஜனம் ஆடினதுக்கும், பதிப்புரிமையைக் கையில வெச்சுக்கிட்டதுக்கும் திட்டுறதா இருந்தா முதல்ல 'டேக்கின் ஆஃப்' ஆறு பாட்டையும் முழுசாக் கேட்டுட்டு வாங்க. முப்பத்தொம்பது நிமிஷம்தான் ஆகும். அதுக்கப்புறம் பின்னூட்டத்துல பாத்துக்கலாம்.

பி.கு: முதல் பெரிய ராயல்டி காசு வந்ததும் ஹான்காக் என்ன வாங்கினாரு? 1963 மாடல் கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார், கிட்டத்தட்ட 6,000 டாலர். ஷோரூம் விற்பனையாளர் இந்தக் கறுப்புப் பையனை மதிக்கவே இல்லையாம். அடுத்த நாள் காசோட போய் ஓட்டிக்கிட்டு வந்தாரு. ஐம்பது வருஷம் கழிச்சும் வண்டி அவர்கிட்டயேதான் இருந்துச்சு. அந்தக் காரையும் வாங்கச் சொன்னது யாருங்கிறீங்க? அதே டொனால்ட் பேர்டுதான். இந்த ஆளுக்கு யாராவது தனியா ஒரு பதிவு போடுங்கப்பா.